டர்ட்டி கவ் வந்த வாரம்

2016 அக்டோபர் 19 அன்று லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் ‘டர்ட்டி கவ்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, நான் வாடிக்கையாளர்களின் இணையதளங்களை வைத்து ஓட்டும் ஒரு சின்ன ஹோஸ்டிங் நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிவிப்பில் ‘லோக்கல்’ என்று இருந்ததும் மேலாளருக்கு நிம்மதி. “உள்ளே லாகின் இருக்கிறவன்தானே செய்ய முடியும்?” என்றார். “ஒவ்வொரு சர்வரிலும் நூற்றுக்கணக்கான பேருக்கு நாமே லாகின் கொடுத்திருக்கிறோமே சார்” என்றேன். அப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

2007-இல் வந்த 2.6.22 கெர்னலிலிருந்தே இந்த ஓட்டை வழியாகத் தாக்க முடிந்திருக்கிறது; அடியிலிருந்த பிழை அதைவிடப் பழையது. படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பை ஒரு நிரல் நினைவகத்தில் ஏற்றி, அதில் எழுதப் பார்த்தால், கெர்னல் தனியாக ஒரு நகல் எடுத்து அதில்தான் எழுதவிடும். நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகளில் (த்ரெட்) ஒன்று விடாமல் எழுத, இன்னொன்று “அந்த நகலைத் தூக்கிப் போடு” என்று நச்சரித்துக்கொண்டே இருந்தால், ஏதோ ஒரு கணத்தில் கெர்னல் ஏமாந்து அசலிலேயே எழுதிவிடும். அந்த அசல், பயனர் கணக்குகள் இருக்கும் கோப்பு என்றால் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கே கைக்கு வந்த மாதிரிதான். பதினோரு வருஷம் முன்பே இதைச் சரிசெய்யப் பார்த்ததாகவும், அந்தத் திருத்தம் பின்னர் நீக்கப்பட்டதாகவும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே, ஓட்டையை அடைக்கும் தன் திருத்தத்தின் (பேட்ச்) குறிப்பில் எழுதியிருந்தார்.

சோதனைக்கென்று வைத்திருந்த சென்டோஸ் 6 (லினக்ஸின் ஒரு பழைய பதிப்பு) கணினியில், இந்த ஓட்டையைப் பயன்படுத்திக் காட்ட வெளியாகியிருந்த மாதிரி நிரலை ஓட்டினேன். கோப்பு மாறவில்லை. தப்பித்தோம் என்று டீ குடிக்கப் போனோம். மறுநாள்தான் விஷயம் புரிந்தது: அந்த நிரல் நுழைகிற ப்ராக் மெம் வழி, அதாவது நினைவகத்தையே ஒரு கோப்புபோலத் திறந்து எழுதும் வழி, அந்தப் பழைய கெர்னலில் அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நிரல் இன்னொன்றின் நினைவகத்தைத் தொட உதவும் பிட்ரேஸ் வழியாக வரும் இன்னொரு நிரலை ஓட்டினேன். சில நொடிகளில் கோப்பு மாறிவிட்டது. முந்தைய நாள் குடித்த டீ வயிற்றைக் கலக்கியது.

லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டுவுக்கு உடனே பேட்ச் வந்துவிட்டது. சென்டோஸ் 6-க்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம். அதுவரை வாடிக்கையாளர்கள் சர்வரில் நேரடியாகக் கட்டளை கொடுக்கும் ஷெல்லை மூடி வைத்தோம். தளங்களை ஓட்டும் பிஹெச்பி வழியாகவும், குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் வழியாகவும் எதையும் ஓட்டலாம் என்பதால் அது வீட்டுக்குப் பூட்டுப் போட்டு ஜன்னலைத் திறந்துவைத்த கதைதான்.

பேட்ச் போட்டு ரீபூட் செய்த பிறகும் ஒரு உபுண்டு சர்வரில் கெர்னலின் பதிப்பைச் சொல்லும் யூநேம் கட்டளை பழைய எண்ணையே காட்டியது. கெர்னல்களை வைக்கும் பூட் பார்ட்டிஷன் முழுக்கப் பழைய கெர்னல்கள். இடமில்லாமல் புதியது பாதியில் நின்றிருக்கிறது. திரையில் பிழைச் செய்தி ஓடியதை நான்தான் பார்க்கவில்லை. நாலைந்து பழையவற்றை நீக்கி மறுபடி நிறுவும்போது இரவு இரண்டு மணி.

கடைசி சர்வர் அறுநூறு நாளுக்கு மேல் நிற்காமல் ஓடியது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ரீபூட் ஆகி ஒழுங்காக எழுந்தது. காலையில் ஒரு வாடிக்கையாளர் தன் தளம் திறக்கவில்லை என்று கூப்பிட்டார். யாரோ எப்போதோ கையால் தொடங்கிவிட்டிருந்த ஒரு நிரலில்தான் அது ஓடியிருக்கிறது; ரீபூட்டுக்குப் பிறகு அது தானாக எழவில்லை. தொடங்கியவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷமாகிறது.