கடலில் ஒரு தலை, படத்தில் ஒரு பிக்சல்கூட இல்லை

வெப்பக் கேமராப் படங்களில் சின்னப் பொட்டுகளைத் தேடிப் பிடிப்பது என் வேலை. அதைச் சொன்னால் குமரி மாவட்டக் கடலோரத்துத் தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் கேட்பது ஒன்றுதான்: "உடம்புச் சூட்டைக் காட்டுற கேமரா இருக்குல்லா, பின்ன ராத்திரி கடல்ல கெடக்குற ஆள கண்டுபிடிச்சிரலாம்லா?" 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்துப் போன ஊர்கள். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியாக வேண்டும்.

கண்டுபிடிக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிக்சலும் 24 மில்லிமீட்டர் லென்ஸும் உள்ள கேமரா விமானத்திலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தால், ஒரே பிக்சலுக்குள் 1 மீட்டர் நீள அகலம் அடங்கிவிடும். இந்தக் கேமரா பிடிக்கிற வெப்ப அகச்சிவப்புக் கதிர் தண்ணீரில் ஒரு மில்லிமீட்டர்கூட ஊடுருவாது என்பதால் உடம்பு முழுக்க மறைந்து தலை மட்டும்தான் மிஞ்சும். அது 25 சென்டிமீட்டர் என்றால் பிக்சலில் பதினாறில் ஒரு பங்கு, கடலைவிட 5 டிகிரி சூடாக இருந்தாலும் படத்தில் ஏறுவது 0.3 டிகிரி. சாதாரண வெப்பக் கேமராவே 0.05 டிகிரி வித்தியாசத்தைப் பிடித்துவிடும், சரி. சிக்கல் அலையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு அலைச் சரிவும் வானத்தின் வேறொரு துண்டைப் பிரதிபலிக்கிறது, மேகத்துக்கு ஒரு வெப்பம், தெளிந்த வானத்துக்கு ஒரு வெப்பம், ஆகவே தலையைப் போன்ற பொட்டுகள் படம் முழுக்க நிறைந்து கிடக்கும்.

இந்தத் துறையில் 256க்கு 256 படத்தில் 80 பிக்சலுக்குள் இருப்பதைச் 'சிறிய இலக்கு' என்பார்கள். நாம் தேடுவது அதைவிடவும் எவ்வளவோ சிறியது. டாப்-ஹாட் வடிகட்டி என்கிற பழைய படக் கணக்குமுறை பெரிய பரப்புகளைக் கழித்துச் சின்னப் பொட்டுகளை விட்டுவைக்கும், அலை முகடும் அதில் தப்பிவிடும். படங்களைக் காட்டிப் பழக்குகிற நியூரல் நெட்வொர்க் நிரலிலோ ஒவ்வொரு கட்டத்திலும் படத்தைப் பாதியாகச் சுருக்கச் சுருக்க அந்த ஒற்றைப் பொட்டு கரைந்தே போகும். அதனால்தான் ஆரம்பக் கட்டத்து விவரங்களைக் கடைசி வரைக்கும் கொண்டுபோகிற வடிவமைப்புகளை இதற்கென்றே செய்கிறார்கள்.

என்னைக் கேட்டால் ஒற்றைப் படத்தை வைத்து நடத்தும் சோதனையில் மதிப்பெண் கூட்டுவதைவிட, வீடியோவில் தொடர்ந்து வரும் பிரேம்களைச் சேர்த்துப் பார்ப்பதில்தான் உழைக்க வேண்டும். அலையின் மினுக்கம் சட்டென்று அணைந்துவிடும். ஆள் தலை அலைக்குப் பின்னால் மறைந்தாலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் திரும்ப எழும்பும், நீரோட்டத்தோடு மெதுவாக நகரும். விமானத்தின் ஆட்டத்தைக் கழித்துப் பிரேம்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவது கடினம்தான், கடலில் பிடித்துக்கொள்ள நிலையான அடையாளம் எதுவும் கிடையாது. ஆனாலும் பயன்படுத்தத் தகுந்த துப்பு அது ஒன்றுதான். அப்புறம், சோதனைக்கு எடுக்கும் படங்கள் அமைதியான நீரில் எடுத்தவையாக இருக்கக் கூடாது. ஆனி ஆடியில் குளச்சலுக்கு வெளியே கிடக்கிற கடலைப் படமெடுத்து, அதில் நம் முறை தேறுகிறதா என்று பார்க்க வேண்டும்.