கொடைக்கானலில் போரடிக்கிறது

கொடைக்கானல் வந்தும் போரடிக்கிறது. ஐப்பசி மழை விட்டபாடில்லை. கோக்கர்ஸ் வாக் என்ற மலையோர நடைபாதையிலிருந்து கீழே சமவெளி விரிந்து கிடப்பதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக வந்தேன். எங்கே பார்த்தாலும் பனிமூட்டம்தான். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கிய ஏரியைக் குடை பிடித்தபடி ஒரு சுற்று, கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர், நடந்தாயிற்று. மழையில் படகும் விடவில்லை.

அப்புறம் அறைதான். பிள்ளைகள் செல்போனில், அவர் தூக்கத்தில். பேச ஆளில்லாத ஓய்வு பெரிய பாரம். வீட்டிலென்றால் பக்கத்து வீட்டு அக்காவாவது இருப்பார்.

நாளை பூம்பாறைக்குக் கிளம்பலாம் என்றிருக்கிறேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு விளைகிற ஊர். படிக்கட்டு வயல்களைப் பார்க்க வேண்டும். மழையில் அந்தச் சாலை எப்படியிருக்கும்? போனவர்கள் சொல்லுங்கள்.