0.60-இல் நின்றுபோன எண்

மூன்று வாரமாக என் லேப்டாப்புக்கு அடியில் ஒரு எவர்சில்வர் தட்டு கவிழ்ந்து கிடந்தது. சூடு தாங்கவில்லை, அதனால் வைத்தது. "ஒரு தட்டு குறையுதே" என்று வீட்டில் தேடியபோது நான் வாயைத் திறக்கவில்லை. காரணத்தைச் சொன்னால், ஒரே ஒரு செஸ் நகர்த்தலுக்காகக் கம்ப்யூட்டரை இரவெல்லாம் ஓடவிடுகிறேன் என்பதையும் சொல்லவேண்டி வரும்.

நான் ஆடுவது அஞ்சல்வழிச் செஸ். இப்போது அஞ்சல் கிடையாது, எல்லாம் சர்வரில்தான். 1951-இல் தொடங்கிய ஐசிசிஎஃப் என்ற உலக அஞ்சல்வழிச் செஸ் அமைப்பின் போட்டிகளில் எஞ்சினை, அதாவது செஸ் ஆடும் மென்பொருளைப் பயன்படுத்தலாம், விதியே அனுமதிக்கிறது. பழைய கணக்குப்படி பத்து நகர்த்தலுக்கு ஐம்பது நாள். "அப்ப ஆடுறது நீயா, அதுவா?" என்று அலுவலக நண்பர் ஒருவர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். பெரும்பாலான நகர்த்தல்களில் அதுதான். இந்த ஆட்டத்தின் 34ஆவது நகர்த்தலில் மட்டும் நான்.

எனக்குக் கறுப்புக் காய்கள். இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப் (மந்திரி என்றும் சொல்வார்கள்), ஐந்து சிப்பாய்கள். எதிராளியின் பிஷப் கறுப்புக் கட்டத்தில் ஓடுவது, என்னுடையது வெள்ளைக் கட்டத்தில். அவர் யானை என் பி-சிப்பாயை, அதாவது பி வரிசையில் நிற்கும் சிப்பாயைக் குறிவைத்து நிற்கிறது. எனக்கு இரண்டு வழி. யானையை வைத்துக்கொண்டு முக்கி முனகித் தற்காக்கலாம். அல்லது பி-சிப்பாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு யானைகளை வெட்டிக்கொள்ளலாம். எஞ்சின் முதல் வழிக்கு +0.45 என்றது, இரண்டாவதற்கு +0.62. பிளஸ் என்றால் வெள்ளைக்கு நல்லது, அதாவது எனக்குக் கெட்டது. நான் ஓடவிடும் எஞ்சினான ஸ்டாக்ஃபிஷ் 2022 கடைசியிலிருந்து இந்த எண்ணுக்கு ஒரு அளவு வைத்திருக்கிறது: 1.00 என்றால் எஞ்சினும் எஞ்சினும் மோதும்போது பாதி ஆட்டத்தில் வெற்றி. ஆக 0.62 என்பது வயிற்றைக் கலக்கும் எண். சிப்பாயைக் கொடுக்காதே என்று சொல்வதற்கு அது போதும்.

முதல் இரவு முழுக்க வீண். எத்தனை வழிகளைக் காட்டவேண்டும் என்ற இடத்தில் 1 என்றே விட்டிருக்கிறேன். எட்டு மணி நேரமும் அது முதல் வழியையே தோண்டிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் நான் கேட்க நினைத்த கேள்விக்குப் பதிலே இல்லை. எஞ்சின் மேல் குற்றமில்லை, கேட்காததற்கு அது எப்படிப் பதில் சொல்லும்?

அப்புறம் ஒழுங்காகச் செய்தேன். ஒவ்வொரு வழியிலும் நகர்த்தலைப் போட்டுவிட்டு, அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் முன்னே போய், எஞ்சினைச் சற்று யோசிக்கவிட்டு, ஒவ்வொரு படியாகப் பின்னால் வருவது. முன்னே பார்த்தது அதன் நினைவில் இருக்கும், பின்னால் வரவர எண் திருந்தும். அலுப்பான வேலைதான், ஆனால் இந்த விளையாட்டில் மனிதனுக்கு மிஞ்சியிருக்கும் வேலை பெரும்பாலும் இதுதான்.

யானை இருக்கும் வழியில் 0.45 என்று தொடங்கியது, எஞ்சின் முன்னே பார்க்கும் ஆழம் கூடக்கூட 0.53, 0.61 என்று ஊர்ந்து, நான்காம் நாள் 0.80-ஐத் தொட்டது. சிப்பாயைக் கொடுத்த வழியில் 0.62 என்று தொடங்கியது 0.60-க்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஆழம் 30-லும் 0.60, 50-லும் 0.60. மீட்டர் நின்றுபோன ஆட்டோ மாதிரி. வெள்ளைக்கு முன்னேற வழி இருந்தால் எண் ஏறியிருக்குமே.

லீலாவையும் கேட்டேன். 2018-இல் வந்த எஞ்சின், தானே தன்னோடு ஆடி ஆடிக் கற்றுக்கொண்டது. அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், என் லேப்டாப்பில் கிடையாது. ஸ்டாக்ஃபிஷ் நொடிக்குச் சுமார் இருபது லட்சம் நிலைகளைப் பார்க்கும் இடத்தில் லீலா சில நூறுதான் பார்த்தது. இருந்தாலும் அது வெற்றி, டிரா, தோல்வி என்று பிரித்துச் சொல்லும். சிப்பாயைக் கொடுத்த நிலையில் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துக்கு மேல் டிரா என்றது. ஸ்டாக்ஃபிஷும் 2020-இலிருந்து உள்ளே ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க்கைத்தான் வைத்திருக்கிறது. அந்த உத்தி யூ நாசு என்பவர் ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காகச் செய்தது. ஆனாலும் இரண்டின் குணமும் வேறு. ஒன்று கணக்குப்பிள்ளை, மற்றது ஜோசியர்.

காய் குறைந்த நிலைகளுக்கு விடையை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த முடிவாட்ட அட்டவணை இருக்கிறதே, அதைப் பார்த்தால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். சிசிஜி அட்டவணை பலகையில் ஏழு காய் வரைக்கும்தான் பிழையில்லாத விடை தரும். ஐந்து காய்க்கு ஒரு ஜிபி அளவு, ஆறு காய்க்குக் கிட்டத்தட்ட 150 ஜிபி, ஏழு காய்க்கு 16 டிபிக்கும் மேல். என் ஹார்டு டிஸ்கில் ஐந்து காய் அட்டவணைதான் இருக்கிறது. என் நிலையில் யானைகளை வெட்டிய பிறகும் பதின்மூன்று காய். அட்டவணைக்கு எட்டாத தூரம்.

சரி, அந்த நிலையை நானே பார்த்தேன். (கட்டத்தின் பெயரில் எழுத்து இடமிருந்து ஏ முதல் எச் வரை, எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை.) யானைகள் போன பிறகு அவருக்கு ஏ5, இ5, எஃப்4, ஜி5, எச்4. எனக்கு ஏ6, எஃப்7, ஜி6, எச்5. என் ராஜா இ6-இல், அவருடைய இ-சிப்பாயின் நெஞ்சுக்கு நேராக. என் நான்கு சிப்பாயும் வெள்ளைக் கட்டத்தில் நிற்கின்றன. கறுப்புக் கட்ட பிஷப் அவற்றை ஜென்மத்துக்கும் தொடமுடியாது. என் பிஷப் பி5-இல் இருந்தால் ஏ6 சிப்பாயை அது காக்கும், அதைச் சிப்பாய் காக்கும். அவர் ராஜா பி6 வரை வந்து நின்றாலும் இரண்டில் எதையும் எடுக்கமுடியாது. பிஷப் பி5-க்கும் சி4-க்கும் போய்ப்போய் வந்தால் போதும்.

காய் குறைந்தாலும் எதிராளி உள்ளே நுழையமுடியாத இப்படிப்பட்ட நிலைகளைக் கோட்டை என்பார்கள். எஞ்சினுக்கு அவை இன்றும் கொஞ்சம் கண்கட்டு வித்தைதான். இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் பென்ரோஸ் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட நிலை நினைவிருக்கிறதா? கறுப்பிடம் ராணி, இரண்டு யானை, மூன்று பிஷப். வெள்ளையிடம் ராஜாவும் நான்கு சிப்பாயும் மட்டும். கறுப்பு ஜெயிக்கிறது என்று அப்போதைய எஞ்சின்கள் சொல்லின, ஆனால் வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களிலேயே உலாத்தினால் ஒன்றும் ஆகாது. ரோஜர் பென்ரோஸின் தம்பி ஜொனாதன் அஞ்சல்வழிச் செஸ்ஸில் கிராண்ட்மாஸ்டராக இருந்தவர். 1960 ஒலிம்பியாடில் அப்போதைய உலக சாம்பியன் தாலை வீழ்த்தியவரும் அவர்தான். அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் என்னதான் பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியாக ஸ்டாக்ஃபிஷை ஸ்டாக்ஃபிஷோடு மோதவிட்டேன். இரண்டு நிலையிலிருந்தும் இருபது இருபது ஆட்டம். யானை இருந்த நிலையில் வெள்ளை மூன்று ஜெயித்தது. மற்றதில் இருபதும் டிரா. சிப்பாயைக் கொடுத்தேன்.

எதிராளி விடவில்லை, விடவும் கூடாது. ராஜாவை மெல்ல நடத்திக் கொண்டுவந்தார். டி4, சி5, பி6, பி7. நான் பிஷப்பை அதே குறுக்குக் கோட்டில் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் எஞ்சினைத் திறக்கவே இல்லை, திறக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் 15 பைசா கார்டு காலத்து ஆட்டக்காரர். வெளிநாட்டுக்காரர்களோடு ஆடும்போது மொழிக்கு மொழி காயின் பெயர் மாறும் என்பதால் எல்லாமே எண்ணில் எழுதுவார்கள். ஏ என்றால் 1, பி என்றால் 2. 5254 என்றால் ராஜா முன் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவது. ஒரு ஆட்டம் முடிய இரண்டு வருஷம், சிலசமயம் மூன்று. இன்றும் கட்டங்களை எண்ணில் சொன்னால்தான் அவருக்குக் காட்சி வரும்.

"2534, அடுத்து 3425. அவ்வளவுதாம்ப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பலகையை எடுத்துக்கொண்டிருக்கிறார் போல.

"அவன் ராஜா எங்கடா?"

"37. சி7-க்கு வந்திருக்கான்."

"உன் மந்திரி?"

"34-ல."

"அவன் 48-க்குப் போயி, அங்கேருந்து 58-க்கு வந்தா?"

நான் அதைப் பார்க்கவே இல்லை. இ8-க்கு வந்துவிட்டால் அங்கிருந்து எஃப்8, ஜி7 என்று என் எஃப்7, ஜி6 சிப்பாய்களின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பான். அப்போது எஃப்5 என்று உடைத்தால் எச்5-உம் ஆட்டம் காணும். போனை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன், தட்டையும் எடுத்து வைத்தேன். ராஜா டி8-க்கு வந்ததும் பிஷப் பி5-க்குத் திரும்பினால் இ8 அதன் பார்வையில் வந்துவிடுகிறது, எண் 0.60-இலேயே நிற்கிறது. அந்த ஒரு நகர்த்தலைத் தவறவிட்டு டி3-க்கு ஓட்டிப் பார்த்தேன். ஆறு வாரத்தில் முதல் முறையாக எண் ஏறத் தொடங்கியது.

எதிராளி 37-இலிருந்து 48-க்குத்தான் வந்தார். 3425 என்று அனுப்பினேன். அதன்பின் பதினோரு நகர்த்தல் சும்மா சுற்றினார். ஒரு புதன்கிழமை டிரா கேட்டு வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். "எனக்கு எப்படிடா தெரியும்னு கேக்கமாட்டியா?" என்றார். கேட்டேன். "87ஆம் வருஷம் ஒருத்தன் என்னை அப்படித்தான் சுத்தி வந்து அடிச்சான். அவன் கார்டு இன்னும் டிரங்குப் பெட்டியில இருக்கு."