பீப் ஏத்தினேன், பிபி இறங்குச்சு

ஐசியூல சேர்ந்து மூணாவது மாசம்னு நினைக்கிறேன், நைட் ட்யூட்டி. சின்னப் பூச்சி கடிச்சு வர்ற ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல்ல வந்த ஒரு அம்மா, நாப்பது வயசு இருக்கும், எக்ஸ்ரேல ரெண்டு நுரையீரலும் வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. வென்டிலேட்டர்ல நூறு பர்சன்ட் ஆக்சிஜன் குடுத்தும் ரத்தத்துல ஆக்சிஜன் சாச்சுரேஷன் 84 சதவீதம்தான். எனக்கு அப்ப தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணே ஒண்ணு, பீப்பை ஏத்துறது. அதாவது மூச்சை விட்டப்புறமும் நுரையீரல் சுருங்கி ஒட்டிக்காம இருக்க மெஷின் உள்ள பிடிச்சு வைக்கிற அழுத்தம். 10ல இருந்ததை 16 ஆக்கினேன், பத்து நிமிஷத்துல சாச்சுரேஷன் 93. என் முதுகுல நானே தட்டிக்காத குறைதான், டீ குடிக்கப் போயிட்டேன்.

திரும்பி வந்தா பிபி 70. அரை லிட்டர் சலைன் ஓட்டினேன், பிபியை ஏத்துற நார்அட்ரினலின் மருந்தைக் கூட்டினேன், இன்னொரு அரை லிட்டர், ம்ஹூம், இறங்கிட்டே போகுது, கழுத்து நரம்பு வேற புடைச்சுகிட்டு நிக்குது. சீனியர் சிஸ்டர் மெதுவா, "சார், நீங்க பீப் ஏத்துனதுக்கு அப்புறம்தான் இப்படி ஆச்சு"ன்னாங்க. எனக்கு சுருக்குன்னுச்சு. செப்சிஸ் சிஸ்டர் இது, கிருமித்தொற்று முத்தினா பிபி அப்படித்தான் இருக்கும்னு சமாளிச்சேன்.

வேற வழியில்லாம என் சீனியர் டாக்டர் சாருக்கு போன் பண்ணேன். அவர் வந்ததும் எதுவும் கேக்கல, இதயத்தை ஸ்கேன் பண்ற எக்கோ ப்ரோபை எடுத்து நெஞ்சுல வெச்சார். இடதை விட சின்னதா இருக்க வேண்டிய வலது வென்ட்ரிக்கிள், அதாவது இதயத்தோட வலது கீழறை, உப்பிப்போய் நிக்குது, நடுச்சுவர் தள்ளப்பட்டு இடது அறை நசுங்கிக் கிடக்கு. "நீ ஊத்துன தண்ணி எங்க நிக்குது பாரு"ன்னார்.

நாம சாதாரணமா மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள்ள அழுத்தம் குறையும், ரத்தமும் சேர்ந்து இதயத்துக்கு இழுபடும். வென்டிலேட்டர் காத்தை உள்ள தள்ளுது, அதனால எல்லாம் தலைகீழ், இதயத்துக்குத் திரும்புற ரத்தம் குறையுது. இதை 1948லயே ஆன்ட்ரே கூர்னான்ற டாக்டரோட குழு மனுஷங்ககிட்ட அளந்து எழுதியிருக்காங்க. இந்தம்மாவுக்கு வந்த மாதிரி நுரையீரல் வீங்கி நீர் கோத்துக்கிற ஏஆர்டிஎஸ்ல அதுக்கு மேல ஒரு வம்பு இருக்கு. நல்லா இருக்கிற கொஞ்சநஞ்ச காத்தறைகள் அளவுக்கு மீறி உப்பி, சுத்தி இருக்கிற நுண்குழாய்களை நசுக்கிடும். வலது இதயம் சராசரியா 15 மில்லிமீட்டர் அழுத்தத்துக்கே பழகின மெல்லிசு சுவர், திடீர்னு பாரம் ஏறினா தாங்காது. நடுவுல தட்டி கட்டி ரெண்டா பிரிச்ச வீடு மாதிரி, ஒரு பக்கம் கூட்டம் நெருக்கினா தட்டி அடுத்த பக்கம் சாயும். நான் சலைன் ஓட்டினது அந்தக் கூட்டத்துல இன்னும் பத்து பேரை ஏத்தின கதை.

அதுக்காக பீப்பை வில்லனாக்கவும் முடியாது. ரொம்பக் குறைச்சா நுரையீரல் சுருங்கி, அப்பவும் அதே குழாய்கள் இறுகும். இடது இதயம் பலவீனமாகி நுரையீரல்ல நீர் கோத்தவங்களுக்கு இதே அழுத்தம்தான் பெரிய உபகாரம்.

சார் அடுத்துப் பாத்தது டைடல் வால்யூம், மெஷின் ஒவ்வொரு தடவையும் உள்ள தள்ளுற காத்தோட அளவு. ஒரு மூச்சுக்கு 420 மில்லி. அவங்க எடை 70 கிலோ, கிலோவுக்கு ஆறு மில்லின்னு பெருக்கி வெச்சிருந்தேன். ஆனா 2000ல வந்த ஏஆர்டிஎஸ் நெட்வொர்க் ட்ரயல், 12க்கு பதில் 6 மில்லி குடுத்து இறப்பை 39.8லிருந்து 31 சதவீதமாக் குறைச்சாங்களே, அது உயரத்தை வெச்சுப் போடுற எடைக்கு. சதை போட்டா நுரையீரல் வளராது இல்லையா. அந்தம்மா 150 சென்டிமீட்டர், கணக்குப்படி 43 கிலோ, வர்றது 260 மில்லி. புக்ல படிச்சு பரீட்சையும் எழுதினவன்தான் நான்.

பீப் மறுபடி 10, மூச்சு 260, சலைன் நிறுத்தம். மூச்சைக் குறைச்சா கார்பன்டைஆக்சைடு ஏறும், அதுவும் நுரையீரல் குழாய்களை இறுக்கும், அதனால நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்ற ரேட்டைக் கொஞ்சம் கூட்டி, வெளிய விட்ட காத்தே தேங்கி நிக்கிற ட்யூப் ஃபில்டரை எடுத்துட்டு, காத்தை சூடாக்கி ஈரமாக்குற ஹ்யூமிடிஃபையர் மாட்டினார். அப்புறம் அஞ்சு பேர் சேர்ந்து குப்புறப் போட்டோம், 16 மணி நேரம். சாச்சுரேஷன் 89, "போதும்"னுட்டார். காலையில நார்அட்ரினலின் பாதியாயிடுச்சு.

வெளிய அவங்க வீட்டுக்காரர், "நுரையீரல்ல பிரச்சினைன்னீங்க, எதுக்கு சார் இதயத்துக்கு ஸ்கேன்"னார். விளக்கினேன், யாரு பீப் ஏத்தினாங்கன்ற பகுதியை மட்டும் சொல்லல.

சிஸ்டர்கிட்ட மன்னிப்பு கேக்க ரெண்டு நாள் ஆச்சு. சிரிச்சுட்டு, தன் பையிலிருந்து ஒரு இன்ச் டேப்பை எடுத்துக் குடுத்தாங்க. இப்பவும் அது என் கோட் பாக்கெட்லதான் இருக்கு, ஜூனியருங்க என்னை டெய்லர் சார்னுதான் கூப்பிடுறாங்க.