படியூர்ப் பக்கம் ஒரு பழைய சுரங்கம்

காங்கேயத்துக்குக் காளையும் நெய்யும்தான் பேர். ஆனா பக்கத்துப் படியூர்ல 1819-20 வாக்குல ஹீத்னு ஒரு வெள்ளைக்காரர் பெரில்ங்கிற ரத்தினக் கல் வெட்டி எடுத்திருக்கார். ரோமாபுரிக்காரங்க ஆசைப்பட்டு வாங்கின இந்தியக் கல் அது.

இந்த வட்டாரத்துல கைவிட்ட சுரங்கம் ஒண்ணைத்தான் எங்க குகைக் குழு இப்ப அளந்துட்டிருக்கு. காட்டுக்காரர்கிட்ட, அதான் நிலத்துக்குச் சொந்தக்காரர்கிட்ட, அனுமதி வாங்கித்தான். "ஏனுங் கண்ணு, புதையலுங்களா?"ன்னு கேட்டார். வரைபடம்னு சொன்னோம். நம்பின மாதிரி தெரியல.

வேலை சாகசமெல்லாம் இல்லீங்க, பொறுமைதான். ஒரு புள்ளியில இருந்து அடுத்த புள்ளிக்குத் தூரம், திசை, சாய்வு மூணும் எடுக்கணும். பிறகு அங்கிருந்து திரும்பிப் பார்த்து அதையே சரிபார்க்கணும். தலைவிளக்கு பேட்டரி கிட்ட வந்தாலே திசைகாட்டி முள் பொய் சொல்லும். ஒருத்தர் அளக்க, ஒருத்தர் சுவரோட வளைவு, உளித்தடம், விழுந்து கிடக்கிற கல் எல்லாம் கையால வரையணும்.

பயப்பட வேண்டியது காத்துக்குத்தான். கரியமில வாயு கனம், பள்ளத்துல தங்கிடும். கெணறு தூர்வாரும்போது நம்மூர்ல அரிக்கேன் இறக்கிப் பார்ப்பாங்களே, நல்ல வழக்கம்தான், ஆனா போதாது. விளக்கு எரியும்போதே ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைஞ்சிருக்கலாம். சாதாரணக் காத்துல 20.9 சதவீதம், எங்க மீட்டர் 19.5-க்குக் கீழ போனா கத்தும். கத்தினா பேச்சே இல்ல, எல்லாரும் மேல.

மேற்குக் கிளை பாக்கி. வர்றவங்க இன்பாக்ஸ் வாங்க. லுங்கியும் ரப்பர் செருப்புமா வந்தா மேலயே உக்காந்து காவல்தான்.