டிரமான் வில்லியம்ஸ்: வெட்டுப்பட்டவரின் பதினைந்து ஆண்டுகள்

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் எல்லாரும், வேறு யாரையும் எழுதக் கூடாது என்று சட்டம் இருப்பதுபோல, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு அந்த ஆட்டத்தில் பிடித்தவர் பின்வரிசையின் ஓரத்தில் நின்று, பந்தைப் பிடிக்க ஓடுகிறவரை மறிக்கும் கார்னர்பேக். மதுரைப் பக்கத்துக் கபடிப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது வியப்பில்லை. எங்கள் ஊர்ச் சுவரொட்டிகளிலும் ரெய்டரின் படத்தைத்தான் பெரிதாகப் போடுவார்கள், காலைப் பிடித்து நிறுத்துகிறவர் மூலையில் சிறிதாக இருப்பார்.

அப்படிப்பட்ட கார்னர்பேக்குகளில் ஒருவரான டிரமான் வில்லியம்ஸ், லூசியானா டெக் பல்கலைக்கழக அணியில் உதவித்தொகை ஏதுமில்லாமல், தானாகவே போய் நின்று இடம்பிடித்தவர். கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2006ஆம் ஆண்டின் வீரர் தேர்வில் ஏழு சுற்றுகளில் 255 பேர் எடுக்கப்பட்டார்கள். அவர்களில் அவர் இல்லை. தேர்வுக்கு வெளியே ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டு, சீசன் தொடங்குவதற்குள் விடுவித்தும் விட்டது.

இந்த விடுவிப்பு எப்படி நடக்கிறது என்பதை அறியாமல் இப்படிப்பட்ட ஒருவரின் தொழில் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது. கோடை முகாமுக்கு வந்தவர்களை ஒவ்வோர் அணியும் சீசனுக்கு முன் 53 பேராகக் குறைத்தாக வேண்டும். வெட்டுப்பட்டவர் நான்கு சீசன் முடிக்காத இளையவராக இருந்தால், அவருடைய ஒப்பந்தத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும் உரிமை முதலில் மற்ற அணிகளுக்குப் போகும். யாரும் கேட்காவிட்டால்தான் அவர் தன் விருப்பப்படி இடம் தேடலாம். அப்படித் தேடுகிறவர்களில் பலருக்குக் கிடைப்பது பயிற்சிக் குழு. 2006இல் அதில் ஓர் அணிக்கு எட்டு பேர்தான், இப்போது பதினாறு. அவர்கள் வாரம் முழுவதும் அடுத்த எதிரணியைப்போல ஆடிக்காட்டி, தம் அணியின் முதன்மை வீரர்களைப் பழக்கிவிட்டு, ஆட்ட நாளன்று வேடிக்கை பார்க்க வேண்டும். ஓய்வூதியத் தகுதிக்கு மூன்று சீசன்கள் கணக்கில் ஏற வேண்டும் என்பதால், 53 பேருக்குள் இருப்பதா வெளியே இருப்பதா என்பது அவர்களுக்குப் பெருமை சார்ந்த கேள்வி மட்டுமல்ல. நம் ஊர் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த 2006இன் இறுதிக்குள் கிரீன் பே பேக்கர்ஸ் அணி வில்லியம்ஸைப் பயிற்சிக் குழுவில் சேர்த்தது. 2007இல் 53 பேருக்குள் வந்துவிட்டார்.

அவருடைய ஆட்டக் காட்சிகள் சிலவற்றை, உசிலம்பட்டிப் பக்கம் கார்னர் ஆடி, அழைத்த ஊர்களுக்கெல்லாம் போய் விளையாடி, இப்போது சிறுவர்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கும் அண்ணன் ஒருவரிடம் கைபேசியில் காட்டினேன். விதிகள் எதுவும் தெரியாத அவர் இரண்டாவது காட்சியிலேயே, "தம்பி, இவரு அவன் மூஞ்சியப் பாக்கல, இடுப்பப் பாக்குறாரு" என்றார். முற்றிலும் சரி. தலையையும் தோளையும் ஆட்டி ஏமாற்றலாம், இடுப்பை ஆட்டி ஏமாற்றுவது கடினம். கார்னர்பேக் முதலில் எதிராளியைப் பார்த்தபடி பின்னோக்கி ஓடுகிறார். எதிராளி சட்டென்று திசை மாற்றும் கணத்தில் தன் இடுப்பைத் திருப்பி, வேகம் குறையாமல் கூடவே ஓட வேண்டும். ஐந்து கஜத்துக்கு மேல் கை வைத்துத் தடுத்தால் தண்டனை. பறந்து வரும் பந்தை எதிராளி பிடிக்கவிடாமல் முறைகேடாக மறித்தால், தவறு நடந்த இடத்திலேயே பந்தை வைத்துவிடுவார்கள், நாற்பது கஜம் போனாலும் போனதுதான்.

2011 ஜனவரியில், தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃப் சுற்றில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஆட்டத்தில், ஒரு நிமிடம்கூட மீதமில்லாதபோது அந்த அணியின் குவார்ட்டர்பேக் மைக்கேல் விக் எறிந்த பந்தை, மைதானத்தின் கோடியில் புள்ளி எடுக்கும் பகுதிக்குள் பறித்து வெற்றியை உறுதிசெய்தவர் வில்லியம்ஸ். அடுத்த வாரம் அட்லான்டாவில், முதல் பாதியின் கடைசிப் பந்தைப் பறித்து 70 கஜம் ஓடி, எதிரணியின் கோடிப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுசேர்க்கும் டச்டவுன் எடுத்தார். இங்கே அப்போது மாட்டுப் பொங்கல் காலை, பாலமேடு வாடிவாசலைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்த நேரம். பிப்ரவரியில் பேக்கர்ஸ் 31-25 என்று பிட்ஸ்பர்க்கை வென்று, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் பட்டத்தைப் பெற்றது.

இப்படிப்பட்டவரை நாடோடி ஆட்டக்காரர் என்று சொன்னால் பேக்கர்ஸ் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் 2015இல் கிளீவ்லாந்துக்குப் போனார். அந்த அணி அடுத்தடுத்து மூன்று வெற்றி, ஒரு வெற்றி என்று இரண்டு சீசன்களை முடித்தது. 2017இல் அரிசோனா, 2018இல் மீண்டும் கிரீன் பே. என் கணக்கில் சூப்பர் பவுலைவிட இந்தப் பகுதிதான் அருமையானது. முப்பத்தைந்து வயதைத் தொடுகிற கார்னர்பேக்குக்குக் கால் வேகம் குறையத் தொடங்கிவிடும். அந்த இடத்தை எதிராளியின் ஓட்டத்தை முன்கூட்டியே படிக்கும் அறிவு நிரப்ப வேண்டும். போகிற அணியிலெல்லாம் தற்காப்பு அமைப்புகளுக்கான குறிப்புச் சொற்களைப் புதிதாகக் கற்க வேண்டும். ஒரே மறிப்பு முறைக்கு ஓர் அணியில் ஒரு பெயர், அடுத்த அணியில் வேறு பெயர். ஒரு நொடி குழம்பினாலும் எதிராளி தனியாக ஓடிக்கொண்டிருப்பார்.

2020 நவம்பரில் பால்டிமோர் அவரை அழைத்தது. ஜனவரியில் பால்டிமோர் பிளேஆஃபில் தோற்று வெளியேறிய சில நாட்களில், இன்னும் போட்டியில் இருந்த பேக்கர்ஸ் 37 வயதான அவரை மறுபடியும் ஒப்பந்தம் செய்தது. அப்போதைய விதி அதற்கு இடம் கொடுத்தது. இதைச் சொன்னபோது அந்த அண்ணன் நம்பவே இல்லை. "ஒரே டோர்னமெண்டுல ரெண்டு டீமா? நம்ம ஊருல இத செஞ்சிருந்தா கமிட்டிக்காரய்ங்க சேரத் தூக்கி எறிஞ்சிருப்பாய்ங்க தம்பி" என்றார்.