பென்சிலால் எழுது

ஜூலை 3

ஓடைச் சூழலியல் ஆய்வகத்தில் முதல் நாள். முனைவர் பட்ட ஆய்வு என்றால் ஒரு மேஜையாவது தருவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு இடுக்கி, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு பென்சில் தந்தார்கள். அறையெங்கும் பூச்சிகள் கெடாமல் ஊறவைக்கும் எத்தனால் வாடை. சீனியர் அக்கா ஓடையிலிருந்து முன்பு எடுத்துவைத்த மாதிரி ஒன்றைத் தட்டில் கொட்டி, பூச்சிகளைப் பொறுக்கச் சொன்னார். இலைத்தூளும் மணலும்தான் தெரிந்தன. இரண்டு மணி நேரத்தில் 41 எடுத்து, முடிந்தது என்றேன். அதே தட்டிலிருந்து அவர் இன்னும் 19 எடுத்தார். எதுவும் பேசவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 12

மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை என்ற இரண்டு ஓடைப்பூச்சி வகைகளைப் பிரித்தறிய நாளெல்லாம் வால் எண்ணினேன். மேஃப்ளை இளம்பூச்சிக்குப் பெரும்பாலும் மூன்று வால், ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு. ஆனால் எத்தனாலில் ஊறியதற்கு வால் ஒடிந்திருக்கும். இரண்டே வால் உள்ள மேஃப்ளைகளும் உண்டு. அதனால் கால் நுனியைப் பார்க்க வேண்டும்: மேஃப்ளைக்கு ஒற்றை நகம், ஸ்டோன்ஃப்ளைக்கு இரட்டை. நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினால் சுவரும் மிதக்கிறது.

ஜூலை 26

பழனி மலையின் கீழ்ச்சரிவு, பெரியகுளம் பக்கம். வனத்துறை அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் முதல் களப்பணி. துணைக்கு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் வலையைப் பார்த்துவிட்டு, “தம்பி, இதில் அயிரை கூட நிற்காதே” என்றார்.

சர்பர் வலை என்பது 30 சென்டிமீட்டர் சதுரச் சட்டமும் அதன் பின்னால் ஒரு நீளப் பையும். வாய் நீர் வரும் திசையைப் பார்க்க, சட்டத்தை ஓடைத் தரையில் அழுத்தி, அதற்குள் உள்ள ஒவ்வொரு கல்லையும் கையால் தேய்க்க வேண்டும். பூச்சிகள் நீரோடு பைக்குள் போய்விடும். கீழேயிருந்து மேல்நோக்கித்தான் நகர வேண்டும், இல்லையென்றால் நாம் கலக்கிய தண்ணீரையே நாம் அளப்போம். நீரோட்டமானி பழுது. பத்து மீட்டர் தூரத்துக்கு எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு நேரம் பார்த்தோம். மேற்பரப்பில் வேகம் அதிகம் என்பதால் கிடைத்ததை 0.85-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் சின்னச் சட்டைப் பொத்தான் அளவுக்கு, பழுப்பாக, வட்டமாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பி மல்லாத்தினால் ஆறு கால்கள் அசைகின்றன! ஒரு வண்டின் புழு. ஆங்கிலத்தில் இதன் பெயரே தண்ணீர்க்காசு என்றுதான் பொருள்படும். காவலரும் குனிந்து பார்த்தார். இருபது வருடம் இந்தக் கல் மேல் நடந்திருக்கிறேன் என்றார்.

ஆகஸ்ட் 9

எழுதவே கூசுகிறது. களத்தில் பென்சில் முனை ஒடிந்ததால் பன்னிரண்டு குப்பிகளின் சீட்டுகளை ஜெல் பேனாவால் எழுதியிருந்தேன். இன்று திறந்தால் எத்தனால் இளநீலமாக இருக்கிறது. உள்ளே வெறும் வெள்ளைச் சீட்டுகள். எது மேல்மடு, எது பாலத்தடி? தெரியாது. ஊர் பெயர் இல்லாத பூச்சி வெறும் பூச்சிதான், கணக்கில் சேராது. பேராசிரியரிடம் சொன்னேன். “பயிற்சித் தட்டுக்கு ஆயிற்று” என்றார். நான்கு நாள் உழைப்பு அது. சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 30

வாராந்தர வாசிப்புக் கூட்டம். வானோட் என்பவரும் வேறு நால்வரும் 1980-இல் எழுதிய ஆற்றுத் தொடர்ச்சிக் கருத்து. மரம் மூடிய தலையோடை இலைச்சருகைத் தின்று வாழ்கிறது. அகன்ற நடு ஆறு வெயிலில் வளரும் பாசியை நம்புகிறது. கீழே பெரிய ஆற்றுக்கு மேலிருந்து வரும் துகள்தான் சோறு. அழகான கட்டுரை, ஆனால் வட அமெரிக்கக் குளிர்நாட்டு ஓடைகளைப் பார்த்து எழுதியது. அங்கே இலையுதிர்காலத்தில் எல்லாம் ஒன்றாகக் கொட்டும். நம் அடிவாரத்துக் காட்டில் கோடையை ஒட்டித்தான் அதிகம் உதிர்கிறது, அதுவும் தண்ணீர் மெலிந்திருக்கும்போது. வெப்பமண்டல ஓடைகள் பலவற்றில் இலை கொறிக்கும் பூச்சிகளும் குறைவு. “அப்படியானால் இங்கே சருகை யார் தின்கிறார்கள்?” என்று பேராசிரியர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைப்பு கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

செப்டம்பர் 21

36 இலைப் பைகள். புங்க இலைகளை நிழலில் உலர்த்தி, பைக்கு ஐந்து கிராம். பாதி, வெங்காய மூட்டை போன்ற ஐந்து மில்லிமீட்டர் வலை; மீதி அரை மில்லிமீட்டர். சன்ன வலைக்குள் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் போகும், பூச்சி போகாது. இரண்டுக்கும் உள்ள எடை வித்தியாசம் பெரும்பாலும் பூச்சி தின்ற பங்கு. நைலான் கயிற்றில் கோத்து, ஓடை நீரில் அமிழும்படி கரையோர நீர்மருது வேரில் கட்டினேன். உள்ளே பென்சில் சீட்டு. இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 27

மூன்று நாளாக மழை. அருவியில் குளிக்கத் தடை. என் கயிறு?

நவம்பர் 4

கயிறு இல்லை, வேரில் முடிச்சு மட்டும் இருக்கிறது. காவலரும் நானும் ஒரு கிலோமீட்டர் கீழே தேடி, நாணல் புதரில் சிக்கிய ஒரே ஒரு பையைக் கண்டெடுத்தோம். இடம் மாறிப்போனதால் ஆய்வுக்கு உதவாது என்று தெரிந்தே ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். சீட்டு பளிச்சென்று இருந்தது: பை 14, புங்கம், 5.02 கிராம்.

தட்டில் விரித்தால் இலையில் வட்டமாகக் கத்தரித்தது போல் இரண்டு ஓட்டைகள். பக்கத்தில் அதே அளவு இரண்டு துண்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாகப் பட்டிழையால் ஒட்டி, மெல்ல ஊர்கின்றன. நடுவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கேடிஸ்ஃப்ளை என்ற ஓடைப்பூச்சியின் புழு என் புங்க இலையில் வீடு கட்டியிருக்கிறது. இலையின் மிச்ச எடை பார்க்கும்போது அந்த வீடு இலைக் கணக்கா, பூச்சிக் கணக்கா? நாளை அக்காவிடம் கேட்க வேண்டும்.